அரசுப் பணியாளர் ஆட்சியியலும் தமிழாராய்ச்சியும்

அரசு ஆணைகளால் அமைகின்றது, ஆட்களால் இயங்குகின்றது. ஆணை எத்துணைச் செம்மையுடையதாயினும் அதனை நிறைவேற்றுவோர் தகுதியற்றவராயின் பயன் விளையாது. தகுதியுடையோர் அமைந்த வழியும், அவர்கள் முறையாக நடத்தப்பெறாராயின் பயன் குன்றும். ஆகவே, அரசுப் பணிக்கு உரியாரைத் தேர்தல், பயிற்றுதல், ஊதியம் வகுத்தல், உயர்த்துதல், தவறிய வழி ஒறுத்தல், முதுமையிற் காத்தல் ஆகியவற்றை ஆராயும் தனித்துறை ஒன்று தோன்றி வளர்ந்துள்ளது. அதனை அரசுப் பணியாளர் ஆட்சியியல் என ஈண்டுக் குறிப்போம். பணியாளர் மேலாண்மை, மனிதவள மேலாண்மை என்னும் பெயர்களும் இன்று வழக்கில் உள்ளன.

இத்துறை அரசியலார்க்கும் வணிகவியலார்க்குமே உரியது, தமிழ் பயில்வார்க்கு இதன்கண் இடமில்லை என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதையும், இத்துறையின் கல்வியும் ஆராய்ச்சியும் நம் நாட்டிற் செம்மையுற வேண்டுமாயின் தமிழ்த்துறை ஆற்றவேண்டிய கடன் உண்டு என்பதையும் காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

1. துறையின் தோற்றம்

பரிந்துரையாலும் குடிப்பிறப்பாலும் பதவி பெறும் வழக்கினை மாற்றித் தேர்வின் வழி ஆள் எடுத்தல் வேண்டும் என இங்கிலாந்தில் நார்த்கோட், டிரெவெலியன் என்னும் இருவர் 1854ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தனர். அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டின் பெண்டில்டன் சட்டம் அதே நெறியை நிறுவியது. இந்தியாவில் லீ குழுவினர் 1924இல் அளித்த அறிக்கையை அடுத்து, 1926 அக்டோபரில் நடுவண் தேர்வாணையம் அமைந்தது. மாகாணங்களுள் முதன்முதல் தேர்வாணையம் கண்டது சென்னையே. 1929இல் சென்னைச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் அவ்வாணையம் தோன்றிற்று. இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அதன் வழித்தோன்றலே.

கல்வியிலும் சென்னை பிந்தியதன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1937இல் பொது ஆட்சியியலுக்குப் பட்டயப் படிப்பினைத் தொடங்கியது. இந்தியப் பொது ஆட்சி நிறுவனம் தில்லியில் அமைந்தது 1954இல்தான். மற்றொரு பக்கம், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்நூறு பேரும் அதற்கு மேற்பட்டோரும் உழைக்கும் ஆலைகளில் நல அலுவலர் இருத்தல் வேண்டும் என விதித்தது. அவ்வலுவலரைப் பயிற்றும் தேவையால் சமூகப்பணிக் கல்வி பெருகிற்று. சென்னைச் சமூகப்பணிப் பள்ளி 1952இல் தோன்றியது. இங்ஙனம் அலுவலகத்தை நோக்கிய கல்வி ஒன்றும் ஆலையை நோக்கிய கல்வி ஒன்றுமாக இரு கிளைகள் வளர்ந்தன. நெய்வேலி நிலக்கரி நிறுவனம், பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை போன்ற பொதுத்துறைக் களங்கள் 1950களில் எழுந்தபோது அவ்விரு கிளைகளும் ஒன்றையொன்று தொட்டன. ஆலை நடத்துவோனும் அரசே, ஆள்வோனும் அரசே என்னும் நிலை அங்கு ஏற்பட்டது.

தனியார் நிறுவனத்திற்கும் அரசிற்கும் உள்ள வேறுபாட்டை மாணாக்கர் முதலில் உணர்தல் வேண்டும். தனியார் தமக்கு ஏற்றவரைத் தம் விருப்பின்படி தேரலாம். அரசோ அரசியலமைப்பின் 16ஆம் உறுப்பால் யாவர்க்கும் சமவாய்ப்பு அளிக்கக் கடமைப்பட்டது. தக்கார் யார் என்னும் வினாவோடு, இடம் பெறாதார் யார் என்னும் வினாவையும் அரசு எழுப்பியாக வேண்டும். இவ்வினா அரசியலமைப்பிற்கு முன்னரே இம்மாகாணத்தில் எழுந்தது. 1921ஆம் ஆண்டு நீதிக்கட்சி ஆட்சியிற் பிறந்த வகுப்புவாரி உரிமை ஆணை அதற்குச் சான்று. பிற்கால வகுப்புவாரி ஆணையின்படி மாவட்ட முன்சீப் பதவிகள் பங்கிடப்பட்டமை 1951இல் வேங்கடரமணா வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஆய்வுக்கு வந்தது. பிற்படுத்தப்பட்டோர்க்கான ஒதுக்கீட்டுக்கு 16ஆம் உறுப்பு இடந்தருகின்றது என்றும், எல்லா வகுப்பார்க்கும் பங்கிடுதல் அதனுள் அடங்காது என்றும் மன்றம் கொண்டது. அமெரிக்கப் பாடநூலை அவ்வாறே பெயர்த்துக் கற்பிப்பார்க்கு இவ்வரலாறு புலப்படாது. நம் நாட்டிற் பணியாளர் ஆட்சியியல் சமூக நீதியின் வரலாற்றோடு பிணைந்தே வளர்ந்தது.

2. பழஞ்சான்றுகளும் அவற்றைக் கையாளும் முறையும்

இத்துறையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் திருக்குறளின் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் இரு அதிகாரங்களையும் உத்தரமேரூர்க் கல்வெட்டையும் எடுத்துக்காட்டி அமைவர். எடுத்துக்காட்டுதல் தவறன்று, ஆராயாது எடுத்துக்காட்டுதலே தவறு.

அவ்விரு அதிகாரங்களும் அரசன் தன் வினைக்கு உரியாரை ஆராய்ந்து தெளியும் திறத்தையும், தெளிந்தபின் அவரிடம் வினையை ஒப்படைக்கும் முறையையும் கூறுகின்றன. தேர்தல் வேறு, பயன்கொள்ளுதல் வேறு எனப் பிரித்து இரண்டு அதிகாரம் வகுத்தமை நுண்ணிது. இக்காலத்தாரும் தேர்வினையும் பணியமர்த்தலையும் இரு பகுதியாகவே கற்பிப்பர். ஆயினும், ஆண்டு ஆராய்பவன் ஒருவன். அவன் அறிவே அளவுகோல். இன்றைய அரசில் தேர்வோர் மாறுவர், விதி நிற்கும். தேரப்படாதவர் காரணம் கேட்கும் உரிமையும் உடையர். குறள் கூறும் தெளிவு அறிவின் பாற்பட்டது. இன்றைய விதி உரிமையின் பாற்பட்டது. இவ்வேறுபாட்டைச் சொல்லாது விடின் குறளுக்கும் பெருமையில்லை, பாடத்திற்கும் பயனில்லை.

உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் முதற் பராந்தகன் காலத்தன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறையை அவை விரிக்கின்றன. இரண்டாம் கல்வெட்டு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட வயது, இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, கல்வி ஆகியவற்றை வேண்டுகின்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரையும் அவர்தம் உறவினரையும் விலக்குகின்றது. கணக்குப் பொறுப்பினைத் தகுதிக் கூறாக்கிய இவ்விதி போற்றத்தக்கதே. எனினும், அவர்கள் ஊதியம் பெற்ற பணியாளர் அல்லர். ஊர்ச்சபையின் ஓராண்டு உறுப்பினர். அச்சபையும் பிரமதேய ஊரின் நிலமுடையார் சபை. நிலமில்லாதார்க்கும் மகளிர்க்கும் அதன்கண் இடமில்லை.

பணியாளர் ஆட்சியியலுக்கு இதனினும் நெருங்கிய சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. முதல் இராசராசன் கோயிற்குக் கொணர்ந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரையும், நட்டுவர், இசைவாணர், கணக்கர் முதலியோரையும் ஒரு நெடுங்கல்வெட்டு நிரல்படக் கூறுகின்றது. பெண்டுகள் ஒவ்வொருவர் பெயரும், முன்னர் இருந்த ஊரும் தளியும், இப்போது பெற்ற வீட்டின் இடமும் அதன்கண் உள்ளன. ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு நூறு கலம் நெல். ஒருவர் இறப்பினும் அயல்நாடு போயினும் அவர்க்கு அடுத்த உறவினர் அப்பங்கு பெற்றுப் பணி செய்தல் வேண்டும். அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய பிறரைத் தாமே இடுதல் வேண்டும். உறவினரே இலராயின் அத்தொழிலுக்குத் தக்காருள் ஒருவரைத் தேர்தல் வேண்டும். பெயர், பணி, ஊதியம், வாழிடம், பணித்தொடர்ச்சி என்னும் ஐந்தும் ஒருங்கே அமைந்த இதனைக் கல்லில் வெட்டிய பணிப்பதிவேடு எனலாம்.

இதனை இக்காலத்துக் கருணை அடிப்படையிலான பணிநியமனத்தோடு ஒப்பிடுதல் மாணாக்கர்க்கு நல்ல பயிற்சி. பணியின்போது இறந்தாரின் குடும்பத்தார்க்கு வேலை அளிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. புறத்தே நோக்கின் இரண்டும் ஒன்றே போலும். ஆயின், தஞ்சைக் கல்வெட்டில் தொடர்வது பங்கு. அது காணி போன்ற உரிமை. இக்காலத்ததோ திடீர்த் துயரிலிருந்து குடும்பத்தை மீட்கும் உதவியேயன்றி வழிவழி உரிமையன்று என உச்சநீதிமன்றம் 1994இல் உமேசுகுமார் நாக்பால் வழக்கில் தெளிவுறுத்தியது. ஒற்றுமை கண்டு மகிழ்தலினும் வேற்றுமை கண்டு விளக்குதலே ஆராய்ச்சி.

3. கோட்டைக் கல்லூரியும் இராயப்பேட்டையும்

அரசுப் பணியாளரைப் பயிற்றுதலில் தமிழாசிரியர்க்குப் பங்கில்லை என்பார், சென்னையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமைந்தது. கும்பினியின் இளம் ஆட்சியாளர்க்குத் தமிழும் பிற தென்னாட்டு மொழிகளும் கற்பித்தல் அதன் தொழில். அங்குத் தமிழ் கற்பித்தோர் நம் புலவர்கள். அவர்களுள் தலைமையுற்றிருந்த தாண்டவராய முதலியார் இயற்றிய பஞ்சதந்திரம் தமிழ் உரைநடை வரலாற்றில் இடம் பெற்ற நூல், 1826இல் வெளிவந்தது. நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலை இன்றும் அக்கல்லூரியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆகவே, இந்நகரில் அரசுப் பணியாளர்க்கு முறையாக நடந்த முதற் பயிற்சியுள் தமிழ்க் கல்வி நடுவிடம் பெற்றிருந்தது. ஆளப்படுவோர் மொழியை ஆள்வோர் அறிதல் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. நோக்கம் கும்பினியின் நலமேயாயினும், விளைவு தமிழுரைநடைக்கு ஆக்கமாயிற்று.

நூறாண்டு கழித்து வேறொரு தமிழாசிரியர் எதிர்த்திசையினின்று இத்துறைக்கு வந்தார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிற் பயின்று, பின்னர் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியராக விளங்கிய திரு. வி. கலியாணசுந்தரனார், 1917இல் அப்பணியை விட்டுத் தேசபக்தன் நாளிதழின் ஆசிரியரானார். 1918 ஏப்ரல் 27இல் பி. பி. வாடியா தலைவராகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது அதன் முன்னணியில் நின்றார். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர் அச்சங்கத்தின் உறுப்பினர். அரசியல் மேடையில் ஆங்கிலம் கோலோச்சிய அந்நாளில், ஊதியம், உழைக்கும் நேரம், கதவடைப்பு, சங்க உரிமை ஆகியவற்றைத் தொழிலாளர் முன் தமிழிலேயே அவர் பேசினார், இதழிலும் எழுதினார். பொருளியலின் அருஞ்செய்திகள் ஆலைத் தொழிலாளர்க்குத் தம் மொழியிலேயே விளங்கின. சட்டம் தொழிற்சங்கத்தை ஏற்றது 1926இல். தமிழ் அதற்கு எட்டாண்டு முன்னரே அதனைப் பேசக் கற்றுவிட்டது.

கோட்டைக் கல்லூரியில் தமிழ் ஆள்வோர்க்குப் பயன்பட்டது. இராயப்பேட்டை ஆசிரியர் வாயிலாக உழைப்போர்க்குப் பயன்பட்டது. பணியாளர் ஆட்சியியல் இவ்விரு சாராரையும் ஒருங்கே நோக்கவேண்டிய துறை. இரு சாரார்க்கும் பொதுவாகிய கருவி மொழியே என்பது இவற்றாற் பெறப்படும்.

4. சொல்லும் வாழ்வும்

1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியாயிற்று. அதன்பின் ஆட்சிச் சொல்லகராதிகள் எழுந்தன. பணிமூப்பு, தகுதிகாண் பருவம், ஈட்டிய விடுப்பு, குறிப்பாணை, பணிவரன்முறை முதலிய சொற்கள் இன்று அலுவலகந்தோறும் இயல்பாக வழங்குகின்றன. இச்சொற்கள் மொழிபெயர்ப்பின் வெற்றி எனக் கூறி நிறைவுறுதல் எளிது. ஆனால், ஒருவர் வாழ்வையே தீர்மானிக்கும் சொற்களை இன்னும் நுணுகி நோக்குதல் வேண்டும்.

விசாரணை நிலுவையில் உள்ளபோது பணியாளரை வேலையிலிருந்து ஒதுக்கி வைப்பதனைத் 'தற்காலிகப் பணிநீக்கம்' என வழங்குகின்றோம். சட்டத்தின்படி, விசாரணையை நோக்கிய அவ்வொதுக்கம் தண்டனையன்று. ஒதுக்கப்பட்டவர் அரசுப் பணியாளராகவே தொடர்கின்றார், பிழைப்பூதியம் பெறுகின்றார், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும், நீக்கம் என்னும் சொல் ஊரார் செவியிற் பட்டவுடன் அவர் குற்றவாளியாகிவிடுகின்றார். 'பணியிடை நீக்கம்' என மாற்றியும் நீக்கம் நீங்கவில்லை. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்காது மூன்று மாதத்திற்கு மேல் இந்நிலையை நீட்டித்தல் ஆகாது என உச்சநீதிமன்றம் 2015இல் அசய்குமார் சவுத்ரி வழக்கிற் கூறியது. நெடுநாள் ஒதுக்கத்தால் நேரும் இழிவையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. அவ்விழிவிற் சொல்லுக்கு உள்ள பங்கினை ஆராய்தல் சட்டத்துறையின் வேலையன்று, நம் வேலை. 'பணி நிறுத்திவைப்பு' போன்றதொரு சொல் மிகப் பொருந்துமா என்பதை அறிஞர் ஆய்தல் வேண்டும்.

'மந்தணக் குறிப்பு' மற்றொரு சான்று. மந்தணம் என்பது மறைபொருளைக் குறிக்கும் அழகிய பழஞ்சொல். பணியாளரின் திறத்தை மேலலுவலர் ஆண்டுதோறும் மதிப்பிட்டு எழுதும் குறிப்பு அப்பெயர் பெற்றது. அக்குறிப்பில் எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் உரியவர்க்கு அறிவித்தல் வேண்டும் என 2008இல் தேவ்தத் வழக்கின் தீர்ப்பு விதித்தது. பொருள் மறைவினின்று வெளிவந்தபின் பெயர் மட்டும் மறைவில் நிற்பது முரண்.

1955ஆம் ஆண்டின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளுள் 17ஆம் விதியின் இரு பிரிவுகள், சிறு தண்டனைக்குரியதும் பெருந்தண்டனைக்குரியதும், வழக்கில் 'பதினேழு ஏ', 'பதினேழு பி' என்றே பெயர் பெற்றுவிட்டன. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் காண்பது ஒரு படி. அச்சொல்லால் அமைந்த ஆணை, பெறுவார்க்குப் பொருள் விளங்க நிற்றல் அடுத்த படி. அரசியலமைப்பின் 311ஆம் உறுப்பு, தம்மேற் சாட்டப்பட்ட குற்றம் இன்னது என அறிவிக்கப்பெற்று எதிர்வாதம் புரியும் வாய்ப்பினை அரசுப் பணியாளர்க்கு உறுதியளிக்கின்றது. குற்றச்சாட்டு ஒரே வாக்கியமாய் ஒன்றரைப் பக்கம் நீண்டு, எழுவாய் ஓரிடத்தும் பயனிலை ஓரிடத்தும் கிடப்பின், அறிவித்தல் நிகழ்ந்ததாகுமா? உரைநடைத் தெளிவு இவ்விடத்து நடையழகு பற்றியதன்று, உரிமை பற்றியது.

பணியாளரைக் குறிக்கும் பெயர்களும் இவ்வாறே. அலுவலர், ஊழியர், பணியாளர், தொழிலாளர் என்னும் நான்கும் ஒருபொருட் கிளவிகள் போலத் தோன்றும், அல்ல. பணி என்பதன் அடியில் பணிதல் உண்டு. கல்வெட்டுக்களில் அச்சொல் கட்டளையையும் குறிக்கும். ஊழியம் தொண்டின் நிழலுடையது. தொழிலாளர் என்பது, நாம் மேலே கண்டவாறு, சங்க உரிமையோடு வளர்ந்த சொல். 2003ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தமிழ்நாட்டு அரசு ஊழியரும் ஆசிரியரும் ஓய்வூதியச் சலுகை முதலியன குறைக்கப்பட்டமையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது, ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் இரங்கராசன் வழக்கில் உச்சநீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது; மன்றத்தின் தலையீட்டை அடுத்துப் பெரும்பாலோர் மீண்டும் பணியிற் சேர்க்கப்பட்டனர். அத்தீர்ப்பின் பொருத்தம் பற்றி அறிஞரிடை இருவேறு கருத்துண்டு. ஊழியரா, தொழிலாளரா என்னும் சொல்வேற்றுமையின் அடியில் உரிமை வேற்றுமை கிடக்கின்றது என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

இராயப்பேட்டையில் 1911இல் தோன்றிய அரசு மருத்துவமனை போன்றதொரு நிறுவனத்தை நோக்கினால் இது நன்கு விளங்கும். அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவரையும் செவிலியரையும் தெரிவு செய்ய 2012இல் தனி வாரியம் அமைந்தது. இளநிலை உதவியாளரைத் தேர்வாணையம் தெரிவு செய்கின்றது. துப்புரவுப் பணியோ ஒப்பந்த நிறுவனங்களின் வழியும் நடைபெறுகின்றது. ஒரே கூரையின்கீழ் ஒரே நோயாளிக்கு உழைப்போருட் சிலர் அரசுப் பணியாளர், சிலர் அல்லர். நிலையற்ற பணியில் நெடுநாள் இருந்தமை ஒன்றாலேயே பணிவரன்முறை பெறும் உரிமை பிறவாது என 2006இல் உமாதேவி வழக்கிற் கூறப்பட்டது. ஆகவே, 'பணியாளர்' என்னும் சொல்லின் எல்லை எங்கே முடிகின்றது என்னும் வினா ஏட்டளவில் நிற்பதன்று. அது பலர் உணவோடு தொடர்புடையது.

5. வினாநிரலின் மொழி

இத்துறையில் நிகழும் ஆராய்ச்சிகள் பெரும்பாலும் வினாநிரல் வழியே செய்திகளைத் தொகுக்கின்றன. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படும். வினா ஆங்கிலத்திற் பிறக்கும். விடை தருவோர் தமிழர். இடையில் நிகழும் மொழிபெயர்ப்புப் போதிய கவனம் பெறுவதில்லை. வேலையினால் ஒருவர் எய்தும் மனநிறைவைப் 'பணி நிறைவு' எனப் பெயர்த்து வினாவினால், அலுவலகத் தமிழில் அது ஓய்வு பெறுதலைக் குறிக்கும். பணி நிறைவுப் பாராட்டு விழா நடவாத அலுவலகம் உண்டோ? 'உங்கள் பணியிற் குறை உண்டா?' என வினாவினால், தமக்குள்ள மனக்குறை கேட்கப்படுகின்றதா, தம் வேலையிற் பிழை தேடப்படுகின்றதா என விடையளிப்பார் ஐயுறுவர். ஐயுற்றவர் இல்லை என்பர். அவ்வில்லை என்னும் விடை எண்ணாகி, எண் விழுக்காடாகி, விழுக்காடு முடிபாகும். அளவை முறை எத்துணை நுட்பமாயினும், சொல்லிற் புகுந்த பிழையை அது களையாது. வினாவைத் தமிழிலேயே ஆக்கி, சிலரிடம் வாய்மொழியாகக் கேட்டு, அவர் கொண்ட பொருளை ஆய்ந்து, பின்னரே பரப்புதல் வேண்டும். இப்பணிக்குச் சொற்பொருளும் வட்டார வழக்கும் கற்றாரே உரியர்.

6. தமிழ்த்துறையின் கடன்

தமிழ்வழிப் பயின்றார்க்கு அரசுப் பணியில் இருபது விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. தேர்வாணையத் தேர்வுகளில் தமிழ்த்தாளில் நாற்பது விழுக்காடு மதிப்பெண் கட்டாயம் என 2021 டிசம்பரில் அரசாணை பிறந்தது. இவ்விரண்டும் தமிழைப் பணிக்கு வாயிலாக்கின. வாயிலிற் புகுந்தார் உள்ளே எழுதப்போகும் தமிழ் யாது என்பதனை நாம் கற்பிக்கின்றோமா? தேர்வுத் தமிழ் நூற்பெயரையும் ஆசிரியர் பெயரையும் நினைவிலிருத்தும் அளவில் நின்றுவிடின், பணித்தமிழுக்கு அது துணையாகாது.

ஆதலின் மூன்று பணிகளைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளலாம். முதலாவது, கல்வெட்டு, ஓலை ஆவணம், கும்பினிக் காலத் தமிழ்ப் பதிவுகள், இக்கால அரசாணை ஆகியவற்றினின்று பணியாட்சிச் சொற்களைத் தொகுத்து வரலாற்று முறையில் ஓர் அகராதி ஆக்குதல். இரண்டாவது, பெயரும் இடமும் நீக்கப்பெற்ற அலுவலக ஆவணங்களின் உரைநடையை ஆராய்ந்து, குறிப்பாணையும் தீர்ப்பாணையும் எழுதுதற்குரிய தெளிவான மாதிரிகளை வகுத்தல். மூன்றாவது, பொது ஆட்சியியல், சமூகப்பணித் துறைகளோடு கூடி வினாநிரல்களைத் தமிழில் ஆக்கிச் சோதித்தல். முதுகலை மாணாக்கர்க்கு ஆட்சித்தமிழ் என்னும் விருப்பப்பாடம் இருக்குமிடத்து, இம்மூன்றனுள் ஒன்றைக் களப்பணியாகச் சேர்த்தல் அரிதன்று. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதினும், ஒரு குறிப்பாணையைப் பெறுவார் நிலையில் நின்று படித்துத் திருத்தி எழுதுதல் நல்ல பயிற்சியாகும்.

பணியாளர் ஆட்சியியலைத் தமிழ்த்துறை கவர்ந்துகொள்ள வேண்டும் என்பது நம் கருத்தன்று. சட்டம், பொருளியல், உளவியல் ஆகியவற்றின் துணையின்றி அத்துறை நில்லாது. எனினும், தேர்வு அறிவிப்பு முதல் ஓய்வூதிய ஆணை ஈறாக ஒரு பணியாளர் பெறும் தாள்கள் யாவும் மொழியால் ஆயவை. அவற்றுள் ஒரு சொல் மயங்கினும் ஒரு குடும்பம் துன்புறுதல் கூடும். அம்மயக்கத்தை நீக்கும் அறிவு நம்மிடம் இருப்பின், அதனை வழங்குதல் கடன்.